கடலடி வெந்நீர் ஊற்றும் உலோகப் படிவும்: எப்படித் தேடுகிறார்கள்?

2024 டிசம்பரில் ஒரு செய்தி வந்தது. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், சுமார் 4,500 மீட்டர் ஆழத்தில், கடல்தரையிலிருந்து வெந்நீரைக் கக்கிக்கொண்டிருக்கும் ஓர் ஊற்றை இந்திய விஞ்ஞானிகள் படம் பிடித்திருக்கிறார்கள் என்பது செய்தி. கோவாவில் இருக்கும் தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையமும் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து செய்த வேலை அது. இரண்டு நாள் கழித்து அதே செய்தி என் கைப்பேசிக்கு வேறு உருவத்தில் வந்தது. கடலுக்கடியில் நமக்குத் தங்கச் சுரங்கமே கிடைத்துவிட்டதாம். "எப்போ சார் தோண்ட ஆரம்பிப்பாங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரர் உண்மையான ஆவலோடு கேட்டார்.

அவர் கேள்வியில் தவறில்லை. செய்தி போன வழியில்தான் எதுவோ தொலைந்துபோயிருக்கிறது. ஊற்று வேறு, அதைச் சுற்றிச் சேரும் உலோகப் படிவு வேறு, தோண்டி எடுக்கத்தக்க சுரங்கம் வேறு. முதலாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போக நீண்ட தூரம். அந்தத் தூரத்தைக் கடக்கும் வேலைக்குத்தான் கடல்தரை ஆய்வு என்று பெயர். அது எப்படி நடக்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

கடலுக்கடியில் ஒரு டிக்காக்‌ஷன்

ஃபில்டரில் காபி போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் தட்டில் காபித்தூள். வெந்நீரை ஊற்றுகிறோம். தூளின் இடுக்குகள் வழியே இறங்கும் நீர் சாரத்தை எடுத்துக்கொண்டு கீழே கருப்பாக வடிகிறது. ஊற்றியது வெறும் தண்ணீர். வடிவது வேறு பொருள்.

கடல்தரையில் இதே வேலை பாறையில் நடக்கிறது. பெருங்கடல்களின் நடுவே சுமார் 65,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மலைத்தொடர் நீருக்குள் மூழ்கிக் கிடக்கிறது. அதற்கு நடுக்கடல் முகடு என்று பெயர். பூமியின் மேலோட்டுத் தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் இடம் அது. இந்தியப் பெருங்கடலின் மத்திய முகட்டில் இந்த விலகல் ஏறக்குறைய நம் விரல் நகம் வளரும் வேகத்தில் நடக்கிறது. தென்மேற்கு முகட்டில் அதைவிடவும் மெதுவாக, ஆண்டுக்கு ஒன்றரை சென்டிமீட்டருக்குள்.

விலகும் இடத்தில் பாறை விரிசல் விடுகிறது. விரிசல் வழியே கடல்நீர் உள்ளே இறங்குகிறது. சில கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய பாறைக் குழம்பின் சூடு காத்திருக்கிறது. நீர் 400 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி, அமிலத்தன்மை பெற்று, பாறையிலிருந்து இரும்பு, செம்பு, துத்தநாகம், சிறிதளவு வெள்ளி, தங்கம், கூடவே கந்தகம் என்று கரைத்துக்கொள்கிறது. ஃபில்டரில் டிக்காக்‌ஷன் கீழே இறங்கும். இங்கே சூடான நீர் இலேசாகிவிடுவதால், இறங்கியதே திரும்ப மேலே ஏறிவருகிறது.

400 டிகிரியில் தண்ணீர் ஆவியாகிவிடாதா என்று கேட்கலாம். குக்கரை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மூடி அழுத்தம் கொடுப்பதால் உள்ளே 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 2,500 மீட்டரில் அது 250 மடங்கு. அந்த அழுத்தம் நீரைக் கொதிக்கவிடாமல் பிடித்துவைக்கிறது.

இனி கற்கண்டு. சூடான பாகில் கரைந்து மறைந்திருக்கும் சர்க்கரை, பாகு ஆறும்போது கட்டியாக வெளியே வருகிறது. உலோகம் சுமந்து வரும் வெந்நீர் கடல்தரையில் சுமார் 2 டிகிரிக் குளிர்நீரைத் தொட்டதும் அதுபோலவே நடக்கிறது. கரைந்திருந்த உலோகம் கந்தகத்தோடு சேர்ந்து நொடியில் நுண்துகளாகிறது. உலோகமும் கந்தகமும் சேர்ந்த இந்தச் சேர்மத்துக்கு சல்ஃபைடு என்று பெயர். படங்களில் கரும்புகை போலத் தெரிவது இந்தத் துகள்கள்தான். அங்கே எதுவும் எரியவில்லை. துகளில் ஒரு பங்கு ஊற்றின் வாயைச் சுற்றியே ஒட்டிக் குழாய்போல் உயர்கிறது. அது புகைபோக்கி. புகைபோக்கிகள் உயர்ந்து, சரிந்து, மீண்டும் உயர்ந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மேடாகக் குவிகின்றன. அந்த மேட்டைத்தான் நீர்வெப்பப் படிவு என்கிறோம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கடல்நீர் பாறைக்குள் இறங்கிச் சூடாகி உலோகத்தைக் கரைக்கிறது, மேலே வந்து குளிர்ந்து அதைக் கொட்டுகிறது. ஊற்று என்பது இப்போது நடக்கும் செயல். படிவு என்பது அந்தச் செயல் விட்டுச்சென்ற குவியல்.

ஒரு பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். செய்திகளில் அடிக்கடி வரும் பல்லுலோக முடிச்சுகள் வேறு. அவை உருளைக்கிழங்கு அளவில் சமவெளிக் கடல்தரையில் சிதறிக் கிடப்பவை, பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வளர்பவை. அவற்றைத் தேடும் முறை வேறு, எடுக்கும் முறையும் வேறு. இந்தக் கட்டுரை முகடுகளில் கிடக்கும் சல்ஃபைடு படிவுகளைப் பற்றியது மட்டும்.

மேலிருந்து பார்த்தால் ஏன் தெரியாது?

செயற்கைக்கோள் வயலையும் காட்டையும் காட்டும். கடல்தரையைக் காட்டாது. ஒளி சில நூறு மீட்டருக்குள் தீர்ந்துபோகும், ரேடியோ அலை அதற்கும் முன்பே செத்துவிடும். ஜிபிஎஸ்ஸும் ரேடியோ அலைதான். ஆகவே நீருக்குள் அதுவும் இல்லை. மிச்சமிருப்பது ஒலி ஒன்றுதான். ஒலி நீரில் நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் ஓடும்.

கப்பலின் அடியிலிருந்து ஒலியை விசிறிபோல் விரித்து அனுப்பி, எதிரொலி திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடும் கருவி பல்கற்றை ஒலிமானி. கடலில் வேலை செய்பவர்கள் மல்டிபீம் என்றே சொல்வார்கள். 4,000 மீட்டர் ஆழத்துக்குப் போய்வர ஒலிக்கு ஐந்து நொடிக்கு மேல் ஆகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், தூரம் போகப்போக ஒலிக்கற்றை விரிந்துகொண்டே போவது. ஒரு டிகிரி அகலமுள்ள கற்றை 4,000 மீட்டரில் தரையைத் தொடும்போது சுமார் 70 மீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும். 70-க்கு 70 என்றால் ஓர் ஏக்கருக்கும் மேல். சென்னைக் கணக்கில் இருபது கிரவுண்டுக்கும் அதிகம். அவ்வளவு இடத்துக்கும் சேர்த்து வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளி. அதற்குள் நிற்கும் பத்து மீட்டர்ப் புகைபோக்கி எப்படித் தெரியும்?

ஆனாலும் இந்த வரைபடம் இல்லாமல் அடுத்த அடி எடுத்துவைக்க முடியாது. முகட்டின் அச்சு எங்கே ஓடுகிறது, எரிமலை மேடு எங்கே, நீர் இறங்கத்தக்க பெரும் பிளவு எங்கே என்று அது காட்டும். தேட வேண்டிய தெருக்களை அது சொல்கிறது. வீட்டை வேறு வழியில்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மார்கழிப் புகையைப் பின்தொடர்வது போல

எனக்கு இந்த முழு விஷயத்திலும் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

மார்கழி விடியற்காலையில் ஊருக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறீர்களா? அடுப்புகளின் புகை நேராக மேலே போகும். கொஞ்ச உயரம் போனதும் மேலே ஏறுவதை நிறுத்திவிட்டு, ஊர்மேல் ஒரு படலமாகப் பக்கவாட்டில் பரவி நிற்கும். சுற்றியுள்ள காற்றின் கனமும் புகையின் கனமும் ஒன்றாகிவிடும் உயரம் அது.

கடலுக்குள்ளும் அச்சு அசலாக இதுவே நடக்கிறது. ஊற்றிலிருந்து எழும் வெந்நீர் சுற்றியுள்ள குளிர்நீரை இழுத்துக் கலந்துகொண்டே ஏறி, பெரும்பாலும் 100 முதல் 300 மீட்டர் உயரத்தில் நின்று, நீரோட்டத்தோடு பக்கவாட்டில் பரவுகிறது. இதை ஊற்றுப்படலம் என்று அழைப்போம். புகைபோக்கி சில மீட்டர் அகலம்தான். படலமோ பல கிலோமீட்டர். ஊசியைத் தேடுவதற்குப் பதில் ஊசி கட்டியிருக்கும் நீண்ட நூலைத் தேடலாம்.

நூல் மெல்லியது. படலம் உருவாகும் நேரத்துக்குள் ஊற்றுநீர் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு நீர்த்துப்போகிறது. 350 டிகிரியில் வெளிவந்த நீர், படலத்தில் சுற்றுப்புறத்தைவிட ஒரு டிகிரியின் நூறில் சில பங்குதான் வெப்பமாக இருக்கும். அதை உணரும் கருவிகளைக் கம்பியில் கட்டி, கப்பல் நடை வேகத்தில் நகர, கருவிகளை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி, ரம்பப் பல்போல ஒரு பாதையில் இழுத்துப்போகிறார்கள். இரவும் பகலும். திரையில் கோடு நேராகப் போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று ஒரு சிறு மேடு எழும்.

அந்த மேடு எதனால் எழுந்தது என்பதில்தான் திறமை இருக்கிறது. படலத்தில் வரும் தடயங்களுக்கு ஆயுள் வேறுபடும். ஹீலியம்-3 என்ற வாயு பூமியின் ஆழத்திலிருந்து வருவது, எதோடும் வினைபுரியாது. கிழக்குப் பசிபிக் முகட்டிலிருந்து கிளம்பிய ஹீலியத்தை ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் தள்ளி அளந்திருக்கிறார்கள். அது பெருங்கடலில் ஊற்று இருக்கிறது என்று சொல்லும், எந்தத் தெரு என்று சொல்லாது. நீரைக் கலங்கலாக்கும் உலோகத் துகள்கள் பல கிலோமீட்டர் வரை மிதந்து வரும். அவை தெருவைச் சொல்லும். ஊற்றுநீரில் ஆக்சிஜனோடு உடனே வினைபுரியும் சில பொருள்கள் இருக்கின்றன. அவை சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும். அவற்றை உணரும் மின்முனையின் அளவீடு சட்டென்று சரிந்தால், வாசலுக்கு வந்துவிட்டோம் என்று பொருள். தெருமுனையில் சாம்பிராணி வாசம் வருவதற்கும், வாசற்படியில் கண் எரிவதற்கும் உள்ள வேறுபாடு.

முதல் ஊற்றே இப்படித்தான் அகப்பட்டது. 1977 பிப்ரவரியில் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே, சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், ஆங்கஸ் என்ற கேமரா வண்டியைக் கம்பியில் இழுத்துப்போனார்கள். நீரின் வெப்பம் மூன்று நிமிடத்துக்கும் குறைவாக ஒரு முறை எகிறி அடங்கியது. வண்டி எடுத்த 3,000 படங்களைக் கழுவிப் பார்த்தால், அந்த நேரத்துக்குரிய 13 படங்களில் மட்டும் வெள்ளைச் சிப்பிகள் கூட்டமாக இருந்தன. மற்றதெல்லாம் வெறும் கருங்கல். உடனே ஆல்வின் நீர்மூழ்கியில் ஆட்கள் இறங்கிப் பார்த்தார்கள். அங்கே நீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1979-இல், மெக்சிகோவுக்கு அப்பால் கரும்புகைபோக்கிகளைக் கண்டபோது ஆல்வினின் வெப்பமானியைத் தாங்கியிருந்த பிளாஸ்டிக் உருகிவிட்டது. கடலடியில் அவ்வளவு சூட்டை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

கவனிக்க வேண்டியது: படலத்தைக் கண்டால் ஊற்று உயிரோடு இருக்கிறது என்று மட்டுமே தெரியும். அதன் கீழே எவ்வளவு உலோகம் குவிந்திருக்கிறது என்பதைப் படலம் சொல்லாது. நேற்றுப் பிறந்த ஊற்றும் கரும்புகையைக் கக்கும்.

தரைக்கு அருகே இறங்குவது

வாசல் தெரிந்தபின் இறங்க வேண்டும். இதற்குத் தன்னியக்க நீர்மூழ்கி பயன்படுகிறது. கம்பி இல்லை, ஆள் இல்லை. முன்கூட்டியே கொடுத்த பாதையில் மின்கலத்தின் பலத்தில் தானே போய் வரும். 2024-இல் அந்த ஊற்றைப் படம்பிடித்ததும் சென்னைக் கழகத்தின் அப்படிப்பட்ட கருவிதான், 6,000 மீட்டர் வரை இறங்கக்கூடியது.

தரையிலிருந்து ஐம்பது அறுபது மீட்டர் உயரத்தில் பறந்தால், கப்பலிலிருந்து 70 மீட்டராக இருந்த புள்ளி ஒரு மீட்டராகச் சுருங்கும். புகைபோக்கிகள் தனித்தனியே தெரியும். விலையும் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம், 20 மணி நேர முழுக்கு, ஒவ்வொரு வரிசையிலும் 150 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுக்கில் 15 சதுர கிலோமீட்டர். இந்தப் படிவுகளைத் தேட இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட முதல் பகுதி 10,000 சதுர கிலோமீட்டர். முழுவதையும் இப்படிப் பார்க்க 660-க்கு மேற்பட்ட முழுக்குகள் வேண்டும். நடுவே மின்கலம் ஏற்ற வேண்டும், தென்கடலின் அலையும் காற்றும் இடம்கொடுக்க வேண்டும். இதனால்தான் முதலில் கப்பல், பிறகு படலம், கடைசியாக நீர்மூழ்கி என்று இடத்தைக் குறுக்கிக்கொண்டே வருகிறார்கள். படம் எடுக்க இன்னும் தாழ்ந்து, தரையிலிருந்து சில மீட்டரில் பறக்க வேண்டும். அந்த இருட்டில் விளக்கு வெளிச்சம் அவ்வளவு தூரம்தான் எட்டும்.

அணைந்த அடுப்புகள்

இப்போது கடினமான பகுதிக்கு வந்திருக்கிறோம். பொதுப்பேச்சில் இது முழுக்க விடுபட்டுப்போகிறது.

ஊற்றுகள் சாகும். அடியிலுள்ள சூடு நகர்ந்துவிடும், அல்லது வழி அடைபடும். படிவு மட்டும் அங்கேயே கிடக்கும். பெரிய குவியல்கள் இப்படி அணைந்தவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம், நீண்டகாலம் வேலைசெய்து ஓய்ந்தவை அல்லவா? சுரங்க நோக்கில் பார்ப்பவர்களும் இவற்றையே விரும்புகிறார்கள். ஆனால் அணைந்த அடுப்பில் புகை வராது. இதுவரை சொன்ன படல வேட்டை இங்கே உதவாது. போதாக்குறைக்கு, ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் வண்டல் படிந்து மேட்டை மூடிவிடும்.

அப்போது பாறையின் குணங்களைத்தான் கேட்க வேண்டும். கடல்தரையின் எரிமலைப் பாறையில் இயல்பாகவே காந்தத்தன்மை உண்டு. அமில வெந்நீர் நெடுநாள் ஓடிய இடத்தில் அந்தக் காந்தத் தாது சிதைந்துவிடும். நீர்மூழ்கியில் காந்தமானியைப் பொருத்தி வரிவரியாக ஓட்டினால், அப்படிப்பட்ட இடம் காந்த வரைபடத்தில் ஒரு ஓட்டைபோலத் தெரியும். வேறு சிலவகைப் பாறைகளில் இது தலைகீழாகவும் அமையும் என்பதால், அடியில் என்ன பாறை என்று தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று மின்சாரம். சல்ஃபைடு குவியல் ஒரு மின்கலத்தைப்போல நடந்துகொள்கிறது. மேற்பகுதி ஆக்சிஜன் உள்ள கடல்நீரைத் தொடுகிறது, அடிப்பகுதி ஆக்சிஜன் இல்லாத சூழலில் இருக்கிறது, நடுவே மின்சாரம் கடத்தும் தாது. ஆகவே அதைச் சுற்றி மெல்லிய மின்னழுத்தம் தானாக எழுகிறது. இதற்குத் தன்மின்னழுத்தம் என்று பெயர். இந்த யோசனை புதிதல்ல. 1830-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் செம்புச் சுரங்கங்களில் ராபர்ட் ஃபாக்ஸ் இதை அளந்தார். இன்று மின்முனைகளை நீர்மூழ்கியின் பின்னால் வால்போல் இழுத்து, சில மில்லிவோல்ட் மாற்றத்தைப் பிடிக்கிறார்கள். ஊற்று உயிரோடு இருந்தாலும் அணைந்திருந்தாலும் இந்தக் கைநாடி துடிக்கும். அதனாலேயே எனக்கு இதன்மேல் நம்பிக்கை அதிகம்.

சுருக்கமாக: உயிருள்ள ஊற்றை நீர் காட்டிக்கொடுக்கிறது. அணைந்த படிவைப் பாறையின் காந்தமும் மின்சாரமும் காட்டிக்கொடுக்கின்றன. படலத்தைத் தேடும் கருவி அணைந்த படிவைக் கண்டுவிடாது.

துளையிடாமல் எடை சொல்ல முடியாது

மேட்டின் நீள அகலம் தெரிந்தாயிற்று. ஒரு புகைபோக்கித் துண்டை ரோபோ கையால் உடைத்து மேலே கொண்டுவந்தாயிற்று. சோதித்தால் செம்பு நூற்றுக்குப் பத்துக்கு மேலேகூட இருக்கலாம். இந்த எண்ணை மேட்டின் பருமனோடு பெருக்கிக் கோடிகளாக அறிவித்துவிடுவதுதான் பெரிய பிழை. பலாப்பழத்தின் முள்ளைப் பார்த்துச் சுளையை எண்ணுவது போன்றது அது. புகைபோக்கி என்பது மேட்டின் வளமான நுனி. உள்ளே என்ன இருக்கிறது என்று துளையிட்டால்தான் தெரியும்.

அட்லாண்டிக் நடுமுகட்டில் 26 டிகிரி வடக்கில், சுமார் 3,600 மீட்டர் ஆழத்தில் டேக் என்ற மேடு இருக்கிறது. பீட்டர் ரோனாவின் குழு 1985-இல் அங்கே கரும்புகைபோக்கிகளைக் கண்டது. ஏறக்குறைய 200 மீட்டர் விட்டம், 50 மீட்டர் உயரம். 1994-இல் ஜாய்டஸ் ரெசல்யூஷன் கப்பல் அதைத் துளையிட்டுப் பார்த்தது. மேலே செம்பும் துத்தநாகமும் செழித்திருந்தன. உள்ளே பெரும்பகுதி பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது. மேடும் அதன் வேரும் சேர்ந்து சுமார் 39 லட்சம் டன். அதில் செம்பு சராசரியாக நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். உலகில் மிக நன்றாக ஆராயப்பட்ட மேட்டின் கதை இது. துளையிடப்படாத ஒரு மேட்டைப் பற்றி டன் கணக்கில் யாராவது உறுதியாகச் சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

மொத்தம் எவ்வளவு இருக்கும்? மார்க் ஹானிங்டனும் சகாக்களும் 2011-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, முகடுகளின் எரிமலை வட்டாரங்களில் எளிதில் எட்டக்கூடிய சல்ஃபைடு சுமார் 60 கோடி டன், அதிலுள்ள செம்பும் துத்தநாகமும் சேர்ந்து 3 கோடி டன். இன்று நிலத்துச் சுரங்கங்கள் ஓராண்டில் தரும் இவ்விரு உலோகங்களின் அளவுக்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பிறகு 2016-இல் எட்வர்ட் பேக்கர் குழுவினர், விட்டுவிட்டு அளக்காமல் தொடர்ச்சியாக அளந்த பகுதிகளில் ஊற்றுகள் முன்பு அறிந்ததைவிட மூன்று முதல் ஆறு மடங்கு இருக்கலாம் என்று காட்டினார்கள். அப்படியானால் மதிப்பீடு உயரலாம். அலாவுதீன் குகையாக ஆகிவிடாது.

கையில் இருப்பதைக் கைவிடும் ஒப்பந்தம்

இந்த முகடுகள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலில் இருக்கின்றன. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் உள்ள பன்னாட்டுக் கடற்படுகை ஆணையம் ஒப்பந்தம் போட்டுக்கொடுக்கிறது. இந்தியா 2016-இல் மத்திய, தென்மேற்கு முகடுகளில் 15 ஆண்டுத் தேடலுக்குக் கையெழுத்திட்டது. 2025 செப்டம்பரில் கார்ல்ஸ்பெர்க் முகட்டில் இன்னொரு 10,000 சதுர கிலோமீட்டருக்கு இரண்டாவது ஒப்பந்தம். இவை தேடுவதற்கான உரிமை. தோண்டுவதற்கு வேறு அனுமதி வேண்டும்.

விதியில் ஓர் அழகு இருக்கிறது. எட்டாம் ஆண்டு முடிவுக்குள் பாதிப் பரப்பையும், பத்தாம் ஆண்டு முடிவுக்குள் முக்கால் பங்கையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கையில் மிஞ்சுவது 2,500 சதுர கிலோமீட்டர். ஆகவே எங்கே இல்லை என்று கண்டுபிடிப்பதும் இந்த ஆய்வின் பயன்தான். எதுவும் கிடைக்காத ஒரு கடற்பயணத்தைத் தோல்வி என்று எழுதும்போது இதை யாரும் நினைப்பதில்லை.

வரைபடத்தில் நத்தையும் உண்டு

அதே ஒப்பந்தம் உலோகத்தை மட்டும் எண்ணச் சொல்லவில்லை. அங்கே என்ன வாழ்கிறது, நீரோட்டம் எப்படி, வண்டல் எவ்வளவு என்ற அடிப்படைக் கணக்கையும் ஆய்வாளர்கள் எடுத்தாக வேண்டும்.

மத்திய இந்திய முகட்டின் கைரே என்ற ஊற்றுத் தொகுதியில் 2001-இல் ஒரு நத்தையைக் கண்டார்கள். அதன் பாதத்தில் மீன் செதில்போல அடுக்கடுக்கான தகடுகள். தகடுகளின்மேல் இரும்பு சல்ஃபைடுப் பூச்சு. படிவாகும் அதே தாதுவை உடுத்திக்கொண்டு வாழும் உயிர் அது. இந்தியப் பெருங்கடலைத் தவிர வேறெங்கும் அது இல்லை. 2019-இல் அதை அழியும் ஆபத்தில் உள்ள உயிரினமாகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தபோது, மூன்று ஊற்றுத் தொகுதிகளில் மட்டுமே அது அறியப்பட்டிருந்தது. அவற்றில் இரண்டு தேடல் ஒப்பந்தப் பகுதிகளுக்குள் இருந்தன. கடலடிச் சுரங்கத்தால் வரக்கூடிய ஆபத்துக்காக அப்பட்டியலில் ஏறிய முதல் உயிர் அதுதான்.

நத்தை, உயிருள்ள ஊற்றின் வெதுவெதுப்பைவிட்டு நகராது. அணைந்த படிவு சில நூறு மீட்டர் தள்ளியே இருக்கலாம். இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லையை ஒரு மீட்டர்த் துல்லியத்தில் வரைய, முன்பு சொன்ன அதே நீர்மூழ்கி, அதே மின்முனை வால், அதே கேமரா போதும். பள்ளிக்கரணைக் குழுவும் கோவாக் குழுவும் அடுத்தமுறை இறங்கி வரும்போது என் பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்ட, டன் கணக்கைவிட அந்தக் கோடு வரைந்த வரைபடத்தைத்தான் நான் எதிர்பார்த்திருக்கிறேன்.